நன்றாக இருப்பதால் வராதவர்

அலுவலகத்தில் அவளுக்குக் குலுக்கல் என்று பெயர். நேரில் குலுக்கல் மேடம் என்பார்கள். அவள் முதுகைத் திருப்பியதும் மேடம் உதிர்ந்துவிடும். அவள் அதைப் பொருட்படுத்துவதில்லை, ஏனென்றால் அது உண்மைதான். ஒரு புது மருந்தை ஆட்களிடம் கொடுத்துச் சோதிக்கும்போது, யாருக்கு நிஜ மாத்திரை, யாருக்கு அதே நிறத்தில் வெறும் மாவு மாத்திரை என்பதைக் கணினிதான் குலுக்கிப் போட்டு முடிவு செய்யும். டாக்டருக்கும் தெரியக் கூடாது, நோயாளிக்கும் தெரியக் கூடாது. அந்தக் குலுக்கலை எழுதுகிறவள் அவள்.

பள்ளி முடித்த கையோடு ஓர் ஆஸ்பத்திரியின் ஆவண அறையில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தாள். நோயாளிகளின் எடையும் ரத்த அழுத்தமும் நாள் முழுக்க விரல் வழியாகப் போய்க்கொண்டிருக்கும். ஒரே எண்ணை எதற்கு மூன்று இடத்தில் அடிக்க வேண்டும் என்ற எரிச்சலில்தான் முதல் நிரலை எழுதினாள். யாரும் சொல்லித் தரவில்லை. தப்பு செய்வாள், கணினி சிவப்பு எழுத்தில் திட்டும், திருத்துவாள். பிறகு தபால் வழியில் புள்ளியியல் படித்தாள். நடுவில் ஒரு கல்யாணமும் நடந்தது. அது நிலைக்கவில்லை, அதைப் பற்றி அவள் பேசுவதும் இல்லை. அண்ணன் வீட்டு மாடியிலேயே தங்கிவிட்டாள். கீழே அண்ணனின் சலூன்.

இப்போது வேலை குலுக்கலோடு நிற்பதில்லை. ஒரு சோதனை நிஜத்தில் தொடங்கும் முன், அதைக் கணினிக்குள் நடத்திப் பார்க்க வேண்டும். அதற்காக இல்லாத நோயாளிகளை உண்டாக்குவாள். ஒவ்வொருவருக்கும் வயது, எடை, எத்தனை மூட்டு வீங்கியிருக்கிறது, மருந்து கேட்கிற உடம்பா கேட்காத உடம்பா என்று வைப்பாள். நானூறு பேரைக் கொண்டு ஒரு சோதனை. அதைப் போலப் பத்தாயிரம். அவள் சாப்பிட்டுக் கைகழுவி வருவதற்குள் நாற்பது லட்சம் பேர் மாத்திரை தின்று, தேறியோ தேறாமலோ போயிருப்பார்கள். நல்ல மருந்தை நல்லது என்று எத்தனை முறை கண்டுகொண்டோம், உதவாததிடம் எத்தனை முறை ஏமாந்தோம் என்று பார்ப்பாள். ஏமாந்தது அதிகமென்றால் திட்டத்தை மாற்றி மறுபடி ஓட்டுவாள்.

“நம்ம முட்டாள்தனத்தையெல்லாம் இவங்க மேல காட்டித் தீத்துக்கணும். நெஜ ஆளுங்க வந்தப்புறம் காட்டக் கூடாது” என்பது புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அவள் சொல்லும் ஒரே பாடம்.

அந்த வருஷம் கையில் இருந்தது மூட்டு வியாதிக்கான ஒரு மருந்து. விரல்களை வீங்க வைத்து, மெல்ல மெல்ல முறுக்கிவிடுகிற வியாதி. மருந்தில் மூன்று அளவுகள் இருந்தன: சின்னது, நடுத்தரம், பெரியது. எது சரியானது என்று யாருக்கும் தெரியாது. பழைய முறையில் ஆட்களைச் சமமாகப் பிரித்துக் கொடுத்துவிட்டுக் கடைசி வரை காத்திருப்பார்கள். அவள் போட்ட திட்டத்தில் கணினி வாராவாரம் எட்டிப் பார்க்கும். எந்த அளவில் ஆட்கள் தேறுகிறார்களோ, புதிதாக வருகிறவர்களை அந்தப் பக்கம் அதிகமாகத் தள்ளும். உதவாத அளவில் சிக்கி அவதிப்படுகிறவர்கள் குறைவார்கள். ஏழு மாதம் அதோடு மல்லுக்கட்டியிருந்தாள். அப்படி எட்டிப் பார்க்க வேண்டுமென்றால் ஒவ்வொரு நோயாளியும் வாராவாரம் ஆஸ்பத்திரிக்கு வந்தாக வேண்டும். அதற்கு யாரும் முகம் சுளிக்கவில்லை. கணினிக்குள் இருக்கிற நோயாளிகள் கூப்பிட்ட குரலுக்கு வருகிறவர்கள்.

நடுவில் நின்றுபோகிறவர்களையும் அவள் மறந்துவிடவில்லை. நூற்றுக்குப் பத்துப் பேர் என்று வைத்திருந்தாள். மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள், பலன் தெரியாமல் சலித்தவர்கள். அவர்கள் அத்தனை பேரையும் குணமாகாதவர் பக்கம் சேர்ப்பது அந்தத் தொழிலின் வழக்கம். காணாமல் போனவரைக் கெட்ட பக்கத்தில் எண்ணிவிட்டால், மருந்துக்குச் சாதகமாக யாரும் கைவரிசை காட்ட முடியாது. நேர்மையான விதி. அதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று அவளே கூட்டங்களில் தொண்டை வறளச் சண்டை போட்டிருக்கிறாள்.

அந்த வெள்ளிக்கிழமை திட்டத்தில் எல்லாரும் கையெழுத்துப் போடுவதாக இருந்தது. அதற்குப் பிறகு மூன்று வாரம் விடுமுறை கேட்டு வாங்கியிருந்தாள். எங்கும் போவதற்கில்லை. கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். திரையைப் பார்த்துப் பார்த்து இடது கண் தானாகத் துடித்தது. நாற்காலியிலிருந்து எழுந்தால் முதுகு ஒரு கணம் கழித்துத்தான் எழுந்தது.

வியாழக்கிழமை காலையில் அலுவலகக் கட்டடத்துக்கு வரும் மின்கம்பி எங்கோ எரிந்துபோனது. கொஞ்ச நேரம் எல்லாரும் இருட்டில் உட்கார்ந்து விசிறிக்கொண்டார்கள். பிறகு மேலாளர் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். பேருந்திலிருந்து இறங்கித் தெருமுனை திரும்பியவள் நின்றுவிட்டாள். அண்ணன் கடையின் ஷட்டர் பாதி ஏறியிருந்தது. உள்ளே கத்தரிச் சத்தம்.

இந்த இடத்தில் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதே வியாதி அவருக்கு வந்து மூன்று வருஷமாகிறது. கத்தரியின் வளையத்துக்குள் கட்டைவிரல் நுழையாத அன்றைக்குக் கடையை மூடினார். பெரிய ஆஸ்பத்திரியில் வேறொரு கம்பெனி மருந்துக்குச் சோதனை நடக்கிறது என்று கேள்விப்பட்டதும், தன் அலுவலகத்துக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, அவள்தான் அவரை அதில் சேரச் சொன்னாள். வியாழக்கிழமைதோறும் போக வேண்டும். அவர் தின்றது மருந்தா மாவா, தெரியாது. ஆனால் சில மாதத்தில் விரல்கள் விரிந்தன, வியாழன் தவிர மற்ற நாட்களில் கடை மறுபடி திறந்தது. சட்டைப் பித்தானை அவரே போட்டுக்கொண்ட அன்று அண்ணி அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை. மூக்கைச் சிந்துகிற சத்தம் மட்டும் கேட்டது.

அவள் குனிந்து ஷட்டருக்கு அடியில் நுழைந்தாள்.

“அண்ணே, இன்னிக்கு என்ன கிழமை?”

கண்ணாடியில் அவளைப் பார்த்ததும் கத்தரி நின்றது. நாற்காலியில், கழுத்துவரை துணி போர்த்தி, ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு எதிர்வீட்டு லாரிக்காரர்.

“வியாழன்” என்றார் லாரிக்காரர்.

“உங்களைக் கேக்கல.”

“தெரியாம கேக்கறாங்களேன்னு சொன்னேன்.”

“நீ என்ன இந்நேரத்துல? வேலைய விட்டுத் தூக்கிட்டாங்களா?” என்றார் அண்ணன்.

“பேச்ச மாத்தாத. ஆஸ்பத்திரிக்குப் போகல?”

“போன வாரமும் போகல” என்றார் லாரிக்காரர்.

“யோவ், கத்தரி என் கையில இருக்கு. ஞாபகம் வச்சுக்க.”

மருந்து ஒத்துக்கொள்ளாமல் நின்றவர்கள் சொல்லும் காரணங்கள் அவளுக்கு மனப்பாடம். “என்ன பண்ணுது உனக்கு? வயித்தப் பிரட்டுதா? தோல்ல தடிப்பு ஏதாவது வந்திருக்கா? ராத்திரி மூச்சு வாங்குதா? எங்கிட்ட ஏன் சொல்லல?”

“ஒண்ணும் பண்ணல. நல்லாத்தான் இருக்கேன்.”

“அப்புறம் ஏன் போகல?”

“அதான் சொல்றேனே. நல்லா இருக்கேன், அதான் போகல.” கத்தரியை விரலில் மாட்டி ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். “அங்க போனா பொழுது போச்சு. ரத்தம் எடுப்பாங்க, ஒரு பெஞ்சு. லிப்ட் ஓடாது, மாடி ஏறணும், இன்னொரு பெஞ்சு. ஒவ்வொரு விரலா அமுக்கி வலிக்குதா வலிக்குதான்னு கேப்பாங்க. வலிக்கலேன்னா நம்பாம திரும்ப அமுக்குவாங்க. வலி இருந்தப்ப எனக்கும் வேற வேலை இல்ல, ஒக்காந்தேன். இப்ப கை ஓடுது. ஸ்கூல் தெறக்கப் போகுது, பசங்க தலைய நீட்டிட்டு நிக்கறாங்க. நோய் போனவன் எதுக்கு நோயாளி பெஞ்சுல எடத்த அடைக்கணும்?”

“அவங்ககிட்ட சொன்னியா?”

“என்னான்னு சொல்றது? உங்க புண்ணியத்துல நல்லாயிட்டேன், இனி வரமாட்டேன்னா? நன்றி கெட்டவன்னு நெனைக்க மாட்டாங்க? போன் வந்துச்சு. எடுக்கல.”

“மூணு வாட்டி வராட்டி பேர எடுத்துருவாங்கண்ணே. ரத்தம் பாக்காம மாத்திரை தரமாட்டாங்க.”

“ரெண்டாவதுதானே இது?”

லாரிக்காரர் தொண்டையைச் செருமினார். “மூணாவது. அதுக்கு முன்ன வாரம் எனக்கு மீச ஒதுக்கினியே. எனக்கு வியாழக்கிழமைதான் லோடு கெடையாது.”

அண்ணன் மெதுவாகக் கத்தியை எடுத்து மிச்சமிருந்த கன்னத்தை மழிக்கத் தொடங்கினார். கை ஆடவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு அவள் நின்றாள், பிறகு மாடிக்குப் போனாள்.

அண்ணி தட்டு வைத்தார். அவள் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது போலிருந்தது. “எனக்குத் தெரியும்மா. சொல்லியிருக்கணும். காலைல அந்தக் கத்தரிச் சத்தம் கேட்டு எவ்வளவு நாளாச்சு! கெடுப்பானேன்னு விட்டுட்டேன்.”

“நாளைக்கு அவரக் கூட்டிட்டுப் போங்க அண்ணி. கால்ல விழுந்தாவது கேட்டுப் பாருங்க.”

“நீ வரலியா?”

“நாளைக்குக் கையெழுத்து.”

இரண்டு வாய் சாப்பிட்டிருப்பாள். கை தட்டிலேயே நின்றது. அண்ணன் அவளுடைய சோதனையில் இருந்திருந்தால் என்ன ஆகும்? மூன்று வாரம் வரவில்லை, அதனால் குணமாகாதவர். அதோடு போகாது. வாராவாரம் எட்டிப் பார்க்கும் கணினி, பெரிய அளவு மருந்தைத் தின்று நன்றாகத் தேறிய அண்ணன்களெல்லாம் கடை திறக்கப் போய்விட்டதைப் பார்க்கும். பார்த்து, அந்த அளவில் ஆட்கள் தோற்கிறார்கள் என்று முடிவு கட்டும். புதிதாக வருகிறவர்களை அதிலிருந்து விலக்கி, பாதி வலியோடு பெஞ்சில் பொறுமையாக உட்கார்ந்திருக்கும் சின்ன அளவுக்காரர்கள் பக்கம் தள்ளும்.

“என்ன, உப்பு தூக்கலா?” என்றார் அண்ணி.

“இல்ல அண்ணி. நான் ஒரு கிறுக்குத்தனம் பண்ணி வச்சிருக்கேன்.”

மறுநாள் காலையில் மின்சாரம் வந்திருந்தது. கூட்டத்துக்கு முன்னால் ஒரு முறை ஓட்டிப் பார்க்க நேரம் இருந்தது. நிரலில் ஒரு புது வகை நோயாளியைச் சேர்த்தாள். வலி போய் இரண்டு வாரமானால் வருவதை நிறுத்திவிடுகிறவர். ஒவ்வொரு வகைக்கும் ஒரு பெயர் வேண்டும். வேறெதுவும் தோன்றவில்லை. அண்ணன் என்று எழுதினாள். வருகிறவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேர் அப்படி என்று வைத்து ஓட்டினாள்.

உள்ளே வைத்த நோயாளிகளை அவள்தான் செய்தாள். பெரிய அளவுதான் சிறந்தது என்று அவளே வைத்திருந்தாள், அவளுக்கு விடை தெரியும். ஆனாலும் பாதிக்கு மேற்பட்ட சோதனைகளில் அது மூன்றில் கடைசியாக வந்தது. திட்டம் எவ்வளவு கூர்மையோ அவ்வளவு வேகமாகத் தப்பான பக்கம் ஓடியது. எண்களை அவள் திரும்பப் பார்க்கவில்லை. திரையின் ஓரத்தில் படிந்திருந்த தூசியை விரலால் துடைத்தாள், பிறகு அச்செடுத்துக்கொண்டு எழுந்தாள்.

கூட்ட அறையில் மேலாளரும், மருந்து கம்பெனியிலிருந்து வந்திருந்த டாக்டரம்மாவும் இருந்தார்கள். பேனாக்கள்கூட எடுத்து வைத்தாகிவிட்டது. அவள் சொல்லி முடித்ததும் மேலாளர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் கண் சிவந்திருந்தது.

“ஏம்மா, இந்தக் கேள்விய யாராவது கேட்டாங்களா?”

“இல்ல சார்.”

“ஏழு மாசமா நமக்கும் தோணல. இன்னிக்குத்தான் தோணணுமா? வராதவங்களத் தோல்வியில சேக்கணும்னு மேஜையக் குத்திப் பேசினது யாரு? நான்தானா?”

“நான்தான் சார். நிக்கறவங்க எல்லாரும் கஷ்டப்பட்டு நிக்கறாங்கன்னு நெனச்சேன்.”

“நல்லாயிட்டு நிக்கற ஆளு எத்தனை பேர் இருப்பாங்க? உங்களுக்குத் தெரிஞ்சு?”

“ஒருத்தர்.”

“ஒருத்தர வச்சு...”

“அந்த ஒருத்தரும் தற்செயலா மாட்டினாரு சார். கரண்டு போகாட்டி எனக்கும் தெரிஞ்சிருக்காது. பதினஞ்சுன்னு போட்டது என் ஊகம்தான். அஞ்சுன்னு போட்டும் ஓட்டறேன். ஆனா இதுவரைக்கும் நாம போட்டது பூஜ்யம். அது மட்டும் ஊகம் இல்லையா?”

மேலாளர் டாக்டரம்மாவைப் பார்த்தார். அந்த அம்மாள் அச்சடித்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்க வார்டுல இந்த மாதிரி ஆளுங்க உண்டு” என்றார் கடைசியில். “மார்க்கெட்ல பாத்தா கும்பிடு போடுவாங்க. ரெண்டு கையும் சேத்து, வெரல் எல்லாம் நேரா இருக்கும். நாங்க தொடர்பு இல்லைன்னு எழுதிட்டு அடுத்த ஆளக் கூப்பிட்டிருப்போம்.” பேனாவை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். “என்ன மாத்தணும்னு சொல்லுங்க.”

அவள் சொன்னாள். முதல் மாதம் மட்டும் வாராவாரம், பிறகு மாதம் ஒருமுறை வந்தால் போதும், ரத்தமும் அப்போது பார்த்துக்கொள்ளலாம். நடுவில் ஒரு போன். வராதவரை ஏன் வரவில்லை என்று அதட்டக் கூடாது, கை எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்க வேண்டும். கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் எந்தப் பக்கம் எண்ணுவது என்று முடிவு. போன் எடுக்காதவர் பழையபடி தோல்விதான், அதை அவள் விட்டுக்கொடுக்கவில்லை. கணினி வாராவாரம் எட்டிப் பார்ப்பது போய், மொத்தச் சோதனையிலும் மூன்றே முறை பார்க்கும்.

“அப்போ உங்க வித்தையெல்லாம்?” என்றார் மேலாளர். கிண்டல் இல்லை. அவருக்கு உண்மையிலேயே மனசு கேட்கவில்லை.

“பாதிக்கு மேல போயிரும் சார்.”

“லீவு?”

“அதுவும்.”

மேலாளர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். “போங்க, ஓட்டுங்க. அந்த வகைக்கு மட்டும் வேற பேரு வைங்க. அறிக்கையில அண்ணன்னு போனா சிரிப்பாங்க.”

அன்று மாலை வீட்டுக்கு வந்தபோது ஷட்டர் மூடியிருந்தது. மாடியில் அண்ணன் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அண்ணிதான் சொன்னார். ஆஸ்பத்திரியில் மரியாதையாகத்தான் பேசினார்கள், உட்காரச் சொன்னார்கள், ஆனால் பெயரை எடுத்தாகிவிட்டது. மீதி மாத்திரையையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். “எங்களுக்கும் விதி இருக்கும்மா” என்றாளாம் அங்கிருந்த பெண்.

“வெரல அமுக்கிப் பாத்தாங்களா?” என்று அவள் கேட்டாள்.

“இல்ல. வெளிய எடுத்தாச்சே, எதுக்குப் பாக்கணும்?” என்றார் அண்ணன். “நானே நீட்டினேன். நல்லா இருக்கு பாருங்கன்னு. அந்தப் பொண்ணு சிரிச்சுட்டு அடுத்த ஆளக் கூப்பிட்டுச்சு.”

அந்தச் சோதனையில் அவர் எந்தப் பக்கம் எண்ணப்படுவார் என்று யாரும் சொல்லாமலேயே அவளுக்குத் தெரியும். அதை அவரிடம் சொல்லவில்லை.

பள்ளி திறக்கும்வரை கடை நன்றாக ஓடியது. பிறகு விரல்கள் காலையில் மட்டும் மடங்க மறுத்தன. பிறகு மதியம் வரை. மருந்து நின்றதால் வந்ததா, அல்லது வியாதி தானாக ஒதுங்கித் தானாகத் திரும்பியதா என்று யாராலும் சொல்ல முடியாது. அது மாவு மாத்திரையாகவும் இருந்திருக்கலாம். அவள் தொழிலில் ஓர் ஆளை மட்டும் வைத்து எதையும் சொல்வதில்லை. டாக்டர் எழுதித் தந்த பழைய மாத்திரைக்கே அண்ணன் திரும்பினார். லாரிக்காரர் தாடி வளர்க்கத் தொடங்கினார். கேட்டால், குளிருக்கு என்றார்.

புதுத் திட்டத்தில் கையெழுத்தான அன்று வெளிச்சம் இருக்கும்போதே அவள் வீடு திரும்பினாள். கடை திறந்திருந்தது. வாடிக்கையாளர் நாற்காலியில் அண்ணனே உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். காலணியைக் கழற்ற வேண்டும் என்று தோன்றியது, குனிய மனம் வரவில்லை.

“என்னைய உன் மிஷினுக்குள்ள போட்டுட்டியாமே? உங்க அண்ணி சொன்னா.”

“போட்டேன்.”

“எத்தனை பேரா இருக்கேன்?”

“நூத்துக்குப் பதினஞ்சு.”

“அடேயப்பா! அத்தனை பேருக்கும் கை சரியாயிடுச்சா?”

“சரியாயிடுச்சு. அதனாலதான் வரமாட்டேங்கறாங்க.”

அண்ணன் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். “திட்டாத அவங்கள.”

“திட்டல. போன் பண்ணி எப்படி இருக்கீங்கன்னு மட்டும் கேக்கப் போறோம்.”

“எடுப்பாங்களா?”

“மூணு பேர்ல ரெண்டு பேர் எடுத்தா போதும். அதுக்கே மருந்து நல்லதா இல்லையான்னு தெரிஞ்சுரும்.”

“மூணாவது ஆளு?”

“கடையில கூட்டமா இருக்கும்.”

அண்ணன் சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுந்து ஷட்டரின் பிடியைப் பற்றப் போனார். விரல்கள் அதைச் சுற்றி மூடவில்லை. உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். அவள் கைப்பையைத் தரையில் வைத்துவிட்டு வந்து இழுத்தாள். பாதியில் சிக்கியது, எப்போதும் சிக்கும் இடம்தான். அண்ணன் காலால் ஒரு தட்டுத் தட்டினார். இறங்கியது.